போஸ்ட் கார்டு போட்டு அளந்த கிணறுகள்

நான் வேலை பார்த்த புவியியல் துறைக்கு இப்போது தலைவியாக இருப்பவர் என்னிடம் படித்த பெண். துறையின் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: ‘இயற்கைப் புவியியல், சுற்றுச்சூழல் அறிவியல் துறைகளில் முனைவர் பட்ட ஆய்வு வாய்ப்புகள்: அன்றும் இன்றும்’. கூடவே ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி மாணவர்களைத் தேடி வெளியிட்ட அறிவிப்பு ஒன்றையும் அச்செடுத்து அனுப்பியிருந்தார். உதவித்தொகை, தனி மேசை, களப்பணிக்கு வண்டி, மனம் சோர்ந்தால் பேசுவதற்கு ஒரு ஆள் என்று வரிசையாகப் போட்டிருந்தது. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இப்போதெல்லாம் எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம் வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். அந்தக் காலத்திலும் வரும். வேலை நிரந்தரமாகவில்லை என்பதால் வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான்.

இன்றைய வாய்ப்புகளைப் பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாது. அன்றைக்கு எனக்குத் தெரிந்து கோயமுத்தூரில் இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அது எனக்குக் கிடைத்தது. அதை எப்படிக் கோட்டை விடப் பார்த்தேன் என்பதை வேண்டுமானால் எழுதலாம்.

அறுபதுகளின் தொடக்கம். சென்னையில் எம்.ஏ. முடித்துவிட்டு ஊருக்கு வந்து கல்லூரியில் டியூட்டராகச் சேர்ந்திருந்தேன். சென்னையில் படித்த இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. படித்தேன், மெஸ் சாப்பாட்டில் இளைத்தேன். டியூட்டர் வேலை தற்காலிகம். மூன்று வருடத்துக்குள் டாக்டர் பட்டம் வாங்கினால் விரிவுரையாளர், வாங்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று நிர்வாகம் எழுத்தில் கொடுத்திருந்தது. எங்கள் வீடு சிங்காநல்லூரில். அப்பா அங்கே ஒரு மில்லில் மேஸ்திரி. அவருக்கு என் ஆராய்ச்சியில் நம்பிக்கை இல்லை. “மில்லு டைம் ஆபீசுல ஒரு எடம் சொல்லி வெச்சிருக்கறேன். மூணு வருசம் பொறுத்துக்கறோம்னு சொல்லியிருக்காங்க,” என்றார். சங்கு ஊதும்போது வருகிறவர்களின் நேரத்தைக் குறிக்கிற வேலை. அந்தச் சங்குச் சத்தம் கேட்டாலே நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி துறைத் தலைவர், பேராசிரியர் சபாபதி. சென்னைக்காரர். கோட்டு, குடை, பச்சைப் பென்சில் மூன்றும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அவர் திட்ட மாட்டார். பாராட்டவும் மாட்டார். நாம் ஏதாவது சொன்னால் மேசை டிராயரிலிருந்து பிளேடை எடுத்துப் பென்சிலைச் சீவத் தொடங்குவார். சீவி முடிக்கும் வரை பேச மாட்டார். சொன்னது நல்ல விஷயமாக இருந்தால் நான்கு சீவல். மோசமாக இருந்தால் மேசையில் குப்பை சேரும். நானும் என்னோடு இருந்தவர்களும் அவர் முகத்தைப் பார்த்ததைவிடப் பென்சில் சீவலைப் பார்த்ததுதான் அதிகம்.

அவர் கொடுத்த தலைப்பு நொய்யல் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீர். சிங்காநல்லூரிலிருந்து கிழக்கே பல்லடம் வரைக்கும் பன்னிரண்டு தோட்டத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் ஒரு முறை நீர்மட்டத்தை அளக்க வேண்டும். மழை பெய்தால் எவ்வளவு ஏறுகிறது, காய்ந்தால் எவ்வளவு இறங்குகிறது என்று இரண்டு வருடக் கணக்கு எடுத்தால் ஆய்வேடு தயார்.

அளக்கும் முறையை அவர் எனக்கு ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தார். கிணற்று விளிம்பில் சிவப்புப் பெயிண்டால் ஒரு குறி. அந்தக் குறியிலிருந்து நூறடி எஃகு டேப்பை இறக்க வேண்டும். இறக்கும் முன் டேப்பின் நுனியில் சில அடிக்குச் சாக்பீஸ் பூச வேண்டும். மேலே இழுத்தால் சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறதோ அதுவரை தண்ணீர். குறியிலிருந்து எத்தனை அடி கீழே தண்ணீர் நிற்கிறது என்பதுதான் அளவு; எண் கூடினால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று பொருள். இரண்டு முறை அளந்து, அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. நோட்டில் பென்சிலால் எழுத வேண்டும், ரப்பர் கூடாது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லி இரண்டு மணி நேரம் காத்திருந்து அளக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட அவர் அழுத்திச் சொன்னது வேறொன்று. “மிஸ்டர் சுப்ரமணியம், கிணறு அவங்களோடது. நாம கேட்டுக்கிட்டுப் போறவங்க. சொல்லாம போய் நிக்கக் கூடாது. ஒரு வாரம் முன்னாடி போஸ்ட் கார்டு போயிடணும்.”

அப்படியே செய்தோம். மாதா மாதம் பன்னிரண்டு கார்டுகளை அவரே கையெழுத்திட்டு அனுப்பினார். ‘மதிப்பிற்குரிய ஐயா, வருகிற செவ்வாய்க்கிழமை தங்கள் கிணற்று நீர்மட்டத்தை அளக்க எங்கள் உதவியாளர் வருவார். தங்களுக்கு ஏற்படும் சிரமத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.’ சம்பந்தி வீட்டுக்குக்கூட யாரும் அப்படி எழுத மாட்டார்கள்.

முதல் மாதம் சிவப்புக் குறி போடப் போனபோது கொஞ்சம் சங்கடம்தான். வரி போட வந்தவன் என்று சிலர் நினைத்தார்கள், கரண்டு ஆபீஸ்காரன் என்று சிலர். ஆனால் நம் ஊரில் சந்தேகப்படும்போதும் மரியாதை குறையாது. “ஏனுங்க, எங்க கெணத்தை என்னங்க பண்ணப் போறீங்க? அது கெடக்குதுங்க. மொதல்ல சாப்பிட்டுப்போட்டுப் பேசலாமுங்க,” என்பார்கள். மூன்றாவது மாதத்தில் நான் ‘தண்ணி வாத்தியார்’ ஆகிவிட்டேன். கேரியர் பெட்டியில் டேப்போடு சைக்கிளில் போய் இறங்கினால் முதலில் மோர், பிறகு அளவு, பிறகு சோறு. ஆயுத பூஜைக்கு மோட்டாருக்குப் பொட்டு வைத்த கையோடு என் சிவப்புக் குறிக்கும் பொட்டு வைத்துவிட்டார்கள். எட்டு மாதத்தில் நான் பத்து ராத்தல் எடை கூடினேன். சென்னையில் இளைத்ததை நொய்யலில் மீட்டுக்கொண்டேன்.

இந்த உபசாரத்தில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். அளந்து முடித்ததும் தோட்டக்காரர் மெதுவாகக் கேட்பார்: “ஏனுங்க, நம்முளுது எத்தனைங்க?” சொல்வேன். “அக்கட்டால காளியப்பன் தோட்டத்துல எத்தனைங்க?” சோறு போட்டவரிடம் எப்படி மறைப்பது? நோட்டைப் புரட்டிப் படித்துக் காட்டுவேன். அங்கே கிணற்றைப் பார்த்துத்தான் பெண் கொடுப்பார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் அந்த மண்ணில் பிறந்தவன்தான். ஆனால் நோட்டு என் கையில் இருந்ததால் நான் விஞ்ஞானி ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வருடம் மழை பொய்த்தது. ஆடியில் காற்று மட்டும் வந்தது. ஐப்பசியில் அதுவும் வரவில்லை. நொய்யலில் மணல்தான் ஓடியது. சிங்காநல்லூர்க் குளத்துக்குள் மாடு மேய்ந்தது. எங்கள் வீட்டுக் கிணறு வற்றி, அம்மா தெருக் குழாய்க்குக் குடம் தூக்கினார்.

என் பன்னிரண்டு கிணறுகள் மட்டும் அசையவே இல்லை. ஒரு கிணற்றில் சித்திரை மாதம் முப்பத்து மூன்று அடி என்றால் கார்த்திகையிலும் முப்பத்து மூன்று அடி. ஏறியும் ஏறாமலும் ஓர் அரை அடி வித்தியாசம். ஓர் இரவு நான் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்ததை அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏங்கண்ணு, ஊரெல்லாம் தண்ணி இருக்குதுன்னு கோடு போடறயே, நம்மூட்டுக் கெணத்தையும் சித்த எட்டிப் பாக்கறது?”

“அது என் லிஸ்டுல இல்லீங்கம்மா,” என்றேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படித்தான் சொன்னேன்.

பேராசிரியருக்கோ தலைகால் புரியவில்லை. வறட்சியிலும் மட்டம் இறங்காத நிலத்தடி நீர் என்றால் சாதாரணக் கண்டுபிடிப்பா? மேற்கு மலையில் பெய்யும் மழை பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து, மண்ணுக்கு அடியிலேயே பல மைல் வந்து நம் கிணறுகளில் ஊறுகிறது என்று ஒரு கொள்கையை உருவாக்கினார். நீல மசியில் அம்புக்குறி அம்புக்குறியாகப் படம் போட்டு, ஓர் ஆராய்ச்சி இதழில் கட்டுரையும் வெளியிட்டுவிட்டார். அன்றைக்கு எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். துறையில் இருந்தவர்கள் நாலு நாளைக்கு அதைத்தான் பேசினார்கள்.

நான் போகும்போதெல்லாம் மோட்டார் ஓடாமல் இருந்தது. அதை என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். ஒரு நாள்கூட இரண்டு மணி நேரம் காத்திருக்க நேரவில்லை. ‘பம்ப் ஓடவில்லை’ என்று இருபது மாதமும் பெருமையாக எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தால் என்னை நானே அறையலாம் போல் இருக்கும்.

இருபதாவது மாதம், பல்லடத்துக்கு இந்தப் பக்கம் நாச்சிமுத்துக் கவுண்டர் தோட்டம். அவர் சந்தைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ராமாத்தாள் மட்டும் இருந்தார். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாத பெண்மணி. இருபது மாதத்தில் என்னிடம் “இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா” என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை. அளந்தேன். முப்பத்து மூன்று அடி நாலு அங்குலம். மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துக்கொண்டே, கிணற்றை ஒட்டி இருந்த பருத்திக் காட்டை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். செடியெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது.

“ஏனுங்கம்மா, கெணத்துல இத்தனை தண்ணி இருக்குது. பருத்தி ஏனுங்க இப்படி வாடுது?”

ராமாத்தாள் சொம்பைக் கீழே வைத்தார்.

“வாத்தியாரே, நீங்க படிச்சவங்க. சொல்றேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க காயிதம் வந்தா மோட்டாரை நிறுத்திப்போடறாருங்க. இன்னையோட நாலு நாளாச்சுங்க. நீங்க அளந்துபோட்டு அந்தப் பக்கம் சைக்கிள் ஏறுனாத்தானுங்க இந்தப் பக்கம் மோட்டார் ஓடும். பருத்தி வாடாம என்னங்க பண்ணும்?”

மோர் டம்ளரைக் கீழே வைத்தேன். “எதுக்குங்க நிறுத்தறாரு?”

“விருந்தாளி வாரப்ப வெறுங்கெணத்தைக் காட்டறதுங்களா? அதுவும் காயிதம் போட்டு, மன்னிச்சுக்கங்கன்னு எழுதிப்போட்டு வாரவங்களுக்கு?” என்றார். “அப்பறம் நீங்க வேற, எங்கண்ணன் காளியப்பன் கெணறு முப்பத்தஞ்சுன்னு படிச்சுக் காட்டிப்போட்டீங்க. அதுக்குக் கீழ நம்முளுது போச்சுன்னா இவருக்குச் சோறு தண்ணி எறங்குமுங்களா?”

“மத்த தோட்டத்துலயும்…?”

“பன்னெண்டும் அப்படித்தானுங்க. எங்கண்ணன் அஞ்சு நாள் நிறுத்தறான்.”

மேற்கு மலையிலிருந்து பாறை வழியாக வந்த நீல அம்புகள் எல்லாம் அந்த நிமிடமே காணாமல் போயின. கிணற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ராமாத்தாள் இன்னும் முடிக்கவில்லை.

“அதுகூடப் பரவாயில்லீங்க. ஒரு காட்டுப் பருத்தி போனாப் போச்சாது. இப்ப, வாத்தியார் நோட்டுல நம்ம கெணறு வத்தாத கெணறுன்னு எழுதியிருக்குது, இருக்கற காட்டுக்கெல்லாம் கரும்பு நட்டுப்போடலாம்னு நிக்கறாருங்க. வெள்ளிக்கெழமை வெதைக்கரும்புக் கரணை வண்டி வருதுங்க. நிறுத்தி வெச்சதும் இவருதான், அதை நீங்க எழுதுனதும் நம்பறதும் இவருதான். நான் சொன்னா, நீ என்ன காலேஜா படிச்சேங்கறாரு. எழுதினவங்க நீங்க. நீங்க சொன்னாக் கேப்பாருங்க.”

கரும்புக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த வறட்சியில் கரும்பு நட்டால் அவர் அதோடு முடிந்தார். அதே சமயம், நோட்டு பொய் என்று நான் வாயைத் திறந்தால் இருபது மாத வேலை குப்பைக்குப் போகும். பட்டத்துக்கு இன்னும் பதினாறு மாதம்தான் இருந்தது. டைம் ஆபீஸ் நாற்காலி கண்முன் வந்து நின்றது. “பாக்கறேனுங்க,” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

அன்று செவ்வாய். புதன் முழுக்க ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதை மறைக்கப் போவதில்லை. கரும்பு நடுவது அவர் இஷ்டம், என் ஆய்வேட்டில் கரும்பைப் பற்றி ஓர் அத்தியாயமும் இல்லை என்று எனக்கு நானே வாதாடினேன். என்ன வாதாடி என்ன, அம்மா அன்று காலையில் மூன்றாவது குடத்தை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வியாழக்கிழமை பேராசிரியர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் டிராயரைத் திறந்து பிளேடை எடுத்தார். சீவினார். நான்கு சீவல் தாண்டியது, பத்து தாண்டியது. பென்சில் பாதியாகியும் சீவிக்கொண்டே இருந்தார். மேசையில் பச்சையும் மரமுமாகக் குவிந்தது.

“போஸ்ட் கார்டு போடச் சொன்னது யாரு?” என்று கேட்டார்.

“நீங்கதான் சார்.”

“ஆமா,” என்றார். குப்பையை ஒரு காகிதத்தில் கூட்டித் தொட்டியில் போட்டார். “நாளைக்குக் காலையில போறோம். கார்டு போடாம. மரியாதை இல்லாத காரியந்தான். ஆனா போறோம்.”

வெள்ளிக்கிழமை சிங்காநல்லூரில் பஸ் ஏறினோம். கோட்டும் குடையுமாகச் சோளக்காட்டு வரப்பில் அவர் நடந்ததை இன்று நினைத்தாலும் சிரிப்பு வரும். இரண்டு முறை விழப் பார்த்தார். இரண்டு முறையும் குடை தாங்கியது. தோட்டத்துக்கு அரை மைல் இருக்கும்போதே மோட்டார் சத்தம் கேட்டது. இருபது மாதத்தில் அந்த மோட்டாரின் குரலை நான் கேட்டது அன்றுதான் முதல் முறை.

பாத்தியில் நின்று தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த நாச்சிமுத்துக் கவுண்டர் எங்களைப் பார்த்தார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு மோட்டார் ரூமை நோக்கி ஓடினார். ஐம்பது வயது மனிதர், முழங்கால் வரை சேறு, அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பேராசிரியர் குரல் உயர்த்தி நான் கேட்டதும் அன்றுதான் முதல் முறை.

“ஐயா, நிறுத்தாதீங்க. ஓடட்டும்.”

நான் சாக்பீஸ் பூசி டேப்பை இறக்கினேன். ஐம்பத்து நான்கு அடி. இரண்டாவது முறையும் ஐம்பத்து நான்கு.

நாச்சிமுத்துக் கவுண்டர் வேட்டி நழுவியவரைப் போலத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். “சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்களே. கெணறு இருக்கற கோலத்துல… ஒரு நாலு நாள் பொறுத்து வந்து அளந்துபோடுங்களேன். எழுதிப்போடாதீங்க, வாத்தியாரே.”

வாசலில் கரணை வண்டி வந்து நின்றிருந்தது. வண்டிக்காரர் மாட்டை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டைக் கவுண்டர் முன்னால் நீட்டினேன். “ஏனுங்க, இந்த நோட்டுல இருக்கறது பூராப் பொய்யுங்க. நான் எழுதுனதுதான். இதை நம்பிக் கரும்பு நடாதீங்க.” சொல்லும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது. என் வேலையே போகிறது என்ற துக்கம் அது. அவர் மேல் இரக்கம் என்று எடுத்துக்கொண்டு அவர்தான் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

ஆனால் விடவில்லை. “நாலு நாள் நிறுத்துனா முப்பத்து மூணுக்கு ஏறுதுங்களா இல்லீங்களா? ஏறுதுன்னா உள்ள தண்ணி இருக்குதுன்னுதானுங்களே அர்த்தம்?”

நியாயமான கேள்வி. பேராசிரியர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். பதில் சமையலறைப் பக்கமிருந்து வந்தது.

“போன வருசம் ஒரு நாள் நிறுத்துனா ஏறிப் போச்சு. இப்ப நாலு நாள் வேணும். அடுத்த வருசம் எத்தனை நாள் வேணுமுங்க?” என்று கேட்டபடி ராமாத்தாள் வெளியே வந்தார். “வந்து செவுத்தைப் பாருங்க.”

சமையலறை வெளிச்சுவரில் அடுப்புக் கரியால் கோடு கோடாகப் போட்டிருந்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கூட்டம். மோட்டார் ஓடாத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. முதலில் ஒன்று, ஒன்று, ஒன்று. பிறகு இரண்டிரண்டாக. பிறகு மூன்று. கடைசியில் நான்கு.

“இது பால் ஊத்தற கோடுன்னு நெனச்சேன்,” என்றார் நாச்சிமுத்துக் கவுண்டர்.

“தண்ணி கட்டாத நாளுங்க. என்னைக்காச்சும் ஒரு நாள் உங்களைக் கேக்கோணும்னு போட்டு வெச்சேன்,” என்றார் ராமாத்தாள். இருபது மாதச் சண்டையை ஒரு சொல்லும் பேசாமல் சுவரில் எழுதி வைத்திருந்தார்.

பேராசிரியர் சுவருக்கு அருகே போனார். என்ன நினைத்தாரோ, ஷூவைக் கழற்றினார். ஒவ்வொரு கூட்டமாக எண்ணி, பாதியாகிப்போன பச்சைப் பென்சிலால் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து என்னைப் பார்த்தார். “மிஸ்டர் சுப்ரமணியம், நீங்க அளந்தது எல்லா மாசமும் ஒரே அளவு. அந்த அளவுக்கு ஏற எத்தனை நாள் ஆச்சுங்கறது இங்க இருக்கு. கிணறு எவ்வளவு சீக்கிரம் ஊறுதுங்கறதுதான் விஷயம். நாம அதைக் கேக்கவே இல்ல. அம்மா எழுதி வெச்சிருக்காங்க.” பிறகு ராமாத்தாளிடம் திரும்பி, “அம்மா, இதை அழிச்சிடாதீங்க,” என்றார்.

“பொங்கலுக்கு வெள்ளையடிக்கோணுமுங்களே.”

“மத்த இடத்துக்கு அடிங்க. இதை மட்டும் விட்டுடுங்க.”

“நல்ல நாள்ல சமையக்கட்டுச் செவுத்துல கரியோடவாங்க? பாக்கறவங்க என்னங்க சொல்லுவாங்க?”

கால் மணி நேரம் இந்தப் பேச்சு நடந்தது. ஒரு துறைத் தலைவர் வெறுங்காலோடு நின்று, சுற்றி மட்டும் சுண்ணாம்பு அடிக்கும்படி கெஞ்சினார். கடைசியில் ஒரு முறம் அகலத்துக்கு இடம் விடுவதாக ஒப்பந்தம் ஆயிற்று.

நாச்சிமுத்துக் கவுண்டர் இதில் எதையும் கவனிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் விரல் ஒன்றிலிருந்து நான்குக்குப் போய், மீண்டும் ஒன்றுக்கு வந்தது. பிறகு வண்டிக்காரரிடம் சொன்னார்: “கரணையை எங்க மச்சான் காளியப்பன் தோட்டத்துக்கு ஓட்டுப்பா.”

“ஏனுங்க, எங்கண்ணன் மட்டும் என்னங்க பாவம் பண்ணுனான்?” என்றார் ராமாத்தாள்.

வண்டி வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை பேராசிரியர் அந்த ஆராய்ச்சி இதழுக்குத் தம் கட்டுரை தவறு என்று எழுதினார். அதையும் போஸ்ட் கார்டில்தான் எழுதினார். உறையில் போடலாமே சார், தபால்காரரெல்லாம் படிப்பார்களே என்றேன். “தப்பைப் பலபேர் படிச்சாங்க. திருத்தத்தையும் படிக்கட்டும்,” என்றார். அவர் என் முகத்துக்கு நேரே பேசிய நீளமான வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

மிச்சமிருந்த பதினாறு மாதத்தில் பன்னிரண்டு மாதம் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்தேன். இம்முறை மோட்டார் ஓடும்போது ஓர் அளவு, நிறுத்திய பிறகு மணிக்கு ஓர் அளவு. விஷயத்தைச் சொன்னதும் தோட்டக்காரர்கள் முகம் சுருங்கினார்கள். பிறகு அதிலும் போட்டி வந்துவிட்டது. எவர் கிணறு வேகமாக ஊறுகிறது என்று காளியப்பக் கவுண்டர் என்னோடு சேர்ந்து கிணற்றடியிலேயே பாய் விரித்தார். நோட்டை மட்டும் நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அந்த வருடம் எனக்குச் சோறு கொஞ்சம் குறைந்தது.

இரண்டு மாதத்தில் எழுதி முடித்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் மூன்றாம் அத்தியாயத்தின் முதல் படத்தில் நின்றுவிட்டார். அடியில் நான் எழுதியிருந்தது: ‘ஆதாரம்: திருமதி ராமாத்தாள், சமையலறை வெளிச்சுவர், அடுப்புக்கரி.’ “இது என்ன விளையாட்டு?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மூலையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் எழுந்து, “சுவர் அங்கேயே இருக்கு. பாக்கணும்னா பஸ் இருக்கு,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தேர்வாளர் பக்கத்தைத் திருப்பினார். கெடு முடிய இரண்டு வாரம் இருக்கும்போது பட்டம் உறுதியாயிற்று. அப்பா மில்லில் போய் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டு, வரும் வழியில் லட்டு வாங்கி வந்தார்.

பைண்டு செய்த ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு நாச்சிமுத்துக் கவுண்டர் தோட்டத்துக்குப் போனேன். பழக்கதோஷத்தில் ஒரு வாரம் முன்னால் கார்டு போட்டிருந்தேன். அரிசிம்பருப்புச் சோறும் நெய்யும் எண்ணெயில் சுட்ட வெல்லக் கச்சாயமும் தயாராக இருந்தன. ராமாத்தாள் ஆய்வேட்டை வாங்கி, தம் சுவர்க் கோடுகளின் படத்தைப் பார்த்தார். இங்கிலீஷ் தெரியாது. கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்தி, “இந்த மாசந்தானுங்க பருத்தி பூராப் போச்சு,” என்றார். சரியாக அந்த மாதம்தான். கையிலெடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன். “எல்லாம் என்னாலதானுங்க,” என்றேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. தோட்டம் சத்தமில்லாமல் இருந்தது. “மோட்டாரு ஏனுங்க ஓடலை?” என்று கேட்டேன்.

நாச்சிமுத்துக் கவுண்டர் தலையைச் சொறிந்தார். ராமாத்தாள்தான் சொன்னார்: “காயிதம் போட்டீங்கல்லங்க. இனிமே போடாதீங்க. காயிதம் போட்டுப்போட்டு வாரவங்க விருந்தாளிங்க. நம்மூட்டு ஆளுங்க சொல்லிப்போட்டா வாராங்க?”

அடுத்த மாதம் சொல்லாமல் போனேன். உச்சிவெயில். எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நாச்சிமுத்துக் கவுண்டர் வேப்பமரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. சட்டியில் மிச்சமிருந்த கம்மஞ்சோற்றை மோரில் கரைத்து, ஒரு வெங்காயத்தோடு ராமாத்தாள் நீட்டினார். குடித்துவிட்டு நிமிர்ந்தேன், மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்.

“அந்தக் கோடிப் பாத்தி நெறஞ்சிருக்கும். மடையைத் திருப்பி உட்டுப்போட்டு வா, கண்ணு. அவரு தூங்கட்டும்.”

பேண்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினேன். இருபது மாதம் அவர்களைக் காய வைத்தவனுக்குத் தண்ணீர் கட்டத் தெரியவில்லை. பாதி வாய்க்காலில் போயிற்று, பாதி என் மேல். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.